ஊர்ப் பள்ளிக்கு ஒரு வரலாறு வேண்டும்

கோயில் உள்ள ஊரில் தலபுராணம் இருக்கிறது. பள்ளிவாசலின் முகப்பில் கட்டிய ஆண்டைப் பொறித்த கல் இருக்கிறது. கண்மாய்க் கரையிற்கூட, மடை கட்டிக் கொடுத்தவரின் பெயர் தாங்கிய கல் ஒன்று பாதி புதைந்த நிலையிலேனும் கிடக்கிறது. ஆனால் ஓர் ஊரின் மக்களைக் கைநாட்டு நிலையிலிருந்து கையொப்ப நிலைக்கு உயர்த்திய பள்ளிக்கூடத்திற்கு மட்டும் வரலாறு எழுதும் வழக்கம் நம்மிடையே வேரூன்றவில்லை. கட்டடத்தின் நெற்றியில் ஓர் ஆண்டு, தலைமையாசிரியர் அறையில் பெயர்ப் பலகை ஒன்று. அவ்வளவோடு ஊர்ப் பள்ளியின் வரலாறு முடிந்துவிடுகிறது. இக்குறையை நம் கல்லூரிகளின் தமிழ்த் துறைகள் போக்க முடியும், போக்கவும் வேண்டும் என்பதே இக்கட்டுரையின் கருத்தாகும்.

இவ்வெண்ணம் நமக்குத் தோன்றிய சூழலை முதலில் கூறிவிடுவது நேர்மையாகும். சில ஆண்டுகளுக்கு முன் நம் தமக்கையாரின் அடையாள அட்டைகளில் பெயரும் பிறந்த நாளும் ஒன்றுக்கொன்று மாறுபட்டிருந்தமையால், பள்ளிச் சான்று ஒன்று தேவைப்பட்டது. திருவேங்கடத்தை அடுத்த கரிசல் கிராமம் ஒன்றின் நடுநிலைப் பள்ளிக்குச் சென்றோம். நாம் இருவரும் அரிச்சுவடி கற்ற பள்ளி அது. தலைமையாசிரியை அம்மையார் இரும்புப் பேழையைத் திறந்து, ஓரம் செல்லரித்த சேர்க்கை நீக்கல் பதிவேட்டை எடுத்து வந்தார். அதில் அக்காவின் பெயர் இருந்தது. தந்தையார் தொழில் என்னுமிடத்தில் 'ஜவுளி வியாபாரம்' என்றிருந்தது. எட்டாம் வகுப்புத் தேர்ச்சி என்பது பதிவாகியிருந்தது. கடைசிக் கட்டத்தில், 'நீங்கிய காரணம்' என்னும் தலைப்பின்கீழ், அழகிய கையெழுத்தில் 'மேற்படிப்பு' என்று எழுதப்பட்டிருந்தது.

அக்கா மேற்படிப்புக்குச் செல்லவில்லை. எட்டாம் வகுப்பு முடிந்த அந்தக் கோடையிலேயே வீட்டுத் திண்ணையில் தீப்பெட்டி ஒட்ட உட்கார்ந்தவர் அவர். உயர்நிலைப் பள்ளி நான்கு மைலுக்கு அப்பால் திருவேங்கடத்தில் இருந்தது. வயதுக்கு வந்த பெண்ணை அவ்வளவு தொலைவு தனியே அனுப்ப வாப்பாவுக்கும் மனம் வரவில்லை, ஊரும் ஒப்பவில்லை. இரண்டாண்டு கழித்து அதே வழியில், அதே தொலைவை, ஆண்பிள்ளையாகிய நாம் நடந்து சென்று படித்தோம். இன்று நாம் கல்லூரியில் தமிழ் கற்பிக்கிறோம். நடுநிலைப் பள்ளியில் வகுப்பின் முதல் மாணவியாக விளங்கியவர் அக்காதான், நாம் அல்லோம்.

பதிவேட்டை எழுதியவரைக் குறை கூறுவதற்கில்லை. இறுதி வகுப்பை முடித்த பிள்ளைகள் அனைவருக்கும் அச்சொல்லையே எழுதுவது அலுவல் மரபு. எனினும், ஏட்டில் உள்ள ஒரு சொல்லுக்கும் வீட்டில் நடந்த ஒரு வாழ்வுக்கும் இடையே எத்துணைத் தொலைவு என்பதை அன்று உணர்ந்தோம். அத்தொலைவை அளந்து எழுதுவதே பள்ளியின் வரலாறு என்றும் உணர்ந்தோம்.

திண்ணையிலிருந்து உயர்நிலைக்கு

நம் நாட்டில் பள்ளி என்பது வெள்ளையர் தந்த கொடை என்று எண்ணுவோர் இன்றும் உளர். சென்னை மாகாண ஆளுநராக இருந்த தாமஸ் மன்றோ 1822இல் ஆணையிட்டுத் திரட்டிய கணக்கு இதனை மறுக்கிறது. 1826இல் அவர் தொகுத்துரைத்த அக்கணக்கின்படி மாகாணத்தில் 12,498 பள்ளிகள் இருந்தன. மணலில் விரலோட்டி எழுத்தறிந்து, எண்சுவடி ஒப்பித்து, சட்டாம்பிள்ளையின் கண்காணிப்பில் வளர்ந்த பிள்ளைகளின் பள்ளிகள் அவை. ஆயினும் அவற்றில் பெண்பிள்ளைகள் மிகச் சிலரே. தீண்டாமைக்கு உள்ளாக்கப்பட்ட மக்களின் பிள்ளைகளுக்குப் பெரும்பாலான திண்ணைகள் எட்டாத உயரத்திலேயே இருந்தன. ஆகவே பழமையைப் போற்றும்போதும் இக்குறையை மறைக்காமல் போற்றுவதே அறிவுடைமை.

1854ஆம் ஆண்டின் உட் கல்வி அறிக்கைக்குப் பின் அரசின் உதவித்தொகை பெறும் பள்ளிகள் பெருகின. திருநெல்வேலிச் சீமையில் கிறித்தவத் திருச்சபைகளின் பணியால் பாளையங்கோட்டை கல்வி நகராக வளர்ந்தது. எனினும் உயர்நிலைப் பள்ளி நகரத்தின் உடைமையாகவே நெடுங்காலம் நின்றது. 1882இல் எட்டயபுரத்தில் பிறந்த பாரதி, உயர்நிலைக் கல்வியை நாடித் திருநெல்வேலி இந்துக் கல்லூரிப் பள்ளிக்குச் செல்ல வேண்டியிருந்ததை நாம் அறிவோம். அரண்மனைத் தொடர்புடைய குடும்பத்துப் பிள்ளைக்கே அந்நிலை எனில், கரிசல் காட்டில் ஆடு மேய்த்த பிள்ளையின் நிலை சொல்லாமலே விளங்கும்.

1911இல் சென்னை மாகாணத்தில் எஸ்.எஸ்.எல்.சி. முறை வந்தது. பெயருக்குப் பின்னால் அவ்வெழுத்துகளை எழுதிக்கொண்டோர் ஊரில் ஒருவரோ இருவரோதாம். மணியார்டரை வாசிக்கவும், நிலப் பத்திரத்திற்குச் சாட்சிக் கையெழுத்திடவும் ஊர் அவர்களையே நாடியது. ஆங்கில ஆட்சிக் காலத்தில் மாவட்டக் கழகங்கள் சிற்றூர்ப் புறங்களில் சில உயர்நிலைப் பள்ளிகளை நடத்தின. 'போர்டு ஸ்கூல்' என்று முதியோர் இன்றும் சொல்வது அவற்றின் நினைவாகவே.

விடுதலைக்குப் பின் நேர்ந்த திருப்பத்தைக் கரிசல் மண் என்றும் மறக்க இயலாது. 1953இல் இராஜாஜி அரசு கொணர்ந்த தொடக்கக் கல்வித் திட்டம் பள்ளி நேரத்தைக் குறைத்து, எஞ்சிய பொழுதில் பிள்ளைகள் பெற்றோரின் தொழிலைப் பழக வேண்டும் என்றது. 'குலக்கல்வித் திட்டம்' என்று எதிர்ப்பாளர் அதனைச் சுட்டினர். 1954 ஏப்ரலில் முதலமைச்சரான காமராசர் அதனைக் கைவிட்டார். அவர் தாமே விருதுநகரில் இளமையிலேயே பள்ளியை விட்டு நின்றவர். நின்று போனதன் இழப்பை அறிந்தவர். 1956இல் மதிய உணவுத் திட்டம் எட்டயபுரத்தில் தொடங்கப்பெற்றது. சீறாப்புராணம் பாடிய உமறுப்புலவர் வாழ்ந்ததும் பாரதி பிறந்ததும் அவ்வூரே. கவிக்குப் பெயர் பெற்ற ஊர் சோற்றுக்கும் வழிகாட்டிற்று. பொதுக்கல்வி இயக்குநராக இருந்த நெ. து. சுந்தரவடிவேலு 1958 முதல் பள்ளிச் சீரமைப்பு மாநாடுகளை ஊர்தோறும் நடத்தினார். மேசையும் மணியும் கடிகாரமும் நிலமும் மக்கள் தாமே முன்வந்து அளித்தனர். ஐந்து மைலுக்குள் ஓர் உயர்நிலைப் பள்ளி என்பது அந்நாளில் பரவலாகப் பேசப்பட்ட இலக்கு. 1960களில் உயர்நிலைக் கல்வி படிப்படியாகக் கட்டணமற்றதாயிற்று. 1978இல் பதினோராம் வகுப்போடு முடிந்த பழைய முறை மாறி, பத்தாம் வகுப்பும் அதன்மேல் மேல்நிலை ஈராண்டும் என்னும் முறை வந்தது. 1982 சூலையில் எம்.ஜி.ஆர். அரசு சத்துணவுத் திட்டத்தைத் தொடங்கியது. 1989இல் அவ்வுணவோடு முட்டையும் சேர்ந்தது.

இவையனைத்தும் பாடநூல்களில் உண்டு. ஆனால் இவ்வாணைகள் ஓர் ஊருக்குள் எவ்வாறு நுழைந்தன, நிலம் கொடுத்தவர் யார், மண் சுமந்தவர் யார், முதன்முதலில் பள்ளிக்கு வந்த பெண் யார் என்பன எந்நூலிலும் இல.

கரிசலில் மாணவர் வாழ்வு

திருவேங்கடம் சங்கரன்கோவிலுக்கு வடகிழக்கே, கோவில்பட்டியும் சிவகாசியும் எட்டும் தொலைவில் அமைந்த பேரூர். 2019 நவம்பரில் திருநெல்வேலி மாவட்டத்திலிருந்து தென்காசி மாவட்டம் பிரிந்தபோது அதனோடு சேர்ந்தது. வானம் பார்த்த கரிசல் பூமி. புரட்டாசி ஐப்பசியில் மழை விழுந்தால் விதைப்பு. மாசி பங்குனியில் பருத்தி எடுப்பு. இவ்வேளாண் நாட்காட்டிக்கும் பள்ளி நாட்காட்டிக்கும் என்றும் பகை. காலாண்டுத் தேர்வு முடிந்து பள்ளி திறக்கும்போது விதைப்பு வந்து பிள்ளைகளை அழைக்கும். முழுஆண்டுத் தேர்வுக்குப் படிக்கும்போது பருத்திக் காடு அழைக்கும். வருகைப் பதிவேட்டில் அந்நாட்களில் விழும் சுழிகளைக் கொண்டே அவ்வாண்டு மழை பெய்ததா பொய்த்ததா என்று கணித்துவிடலாம்.

நாம் படித்த 1990களில் திருவேங்கடத்துப் பள்ளிக்குச் சுற்றுவட்டாரச் சிற்றூர்களிலிருந்து பிள்ளைகள் நடந்தே வருவர். வாடகை மிதிவண்டியில் மூவராக வருவோரும் உண்டு. மழைக் காலத்தில் கரிசல் மண் காலைப் பிடித்துக்கொண்டு விடாது. செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு, ஒவ்வோர் அடிக்கும் அரைப்படி மண்ணைச் சுமந்து, பள்ளி வாசலில் குச்சியால் சுரண்டிவிட்டு உள்ளே நுழைவோம். தாமதத்திற்கு அடி உண்டு. மண்ணுக்கு மன்னிப்பு உண்டு. தொங்கவிட்ட தண்டவாளத் துண்டே மணி. வேப்ப மரத்தடியே நான்காவது வகுப்பறை. காலை வணக்கத்தில் தமிழ்த்தாய் வாழ்த்து; அதன்பின் திருக்குறள் ஒன்று; செய்தி வாசிப்பு. நண்பகலில் தட்டேந்திய வரிசை. அவ்வரிசையில் நின்றோம் என்று சொல்வதற்கு இன்று நாம் நாணவில்லை.

மொழி பற்றியும் ஒன்று கூற வேண்டும். கரிசல் ஊர்களில் வீட்டில் தெலுங்கு பேசும் குடும்பங்கள் பல. வீட்டில் ஒரு மொழியும் வகுப்பில் ஒரு மொழியுமாக வளர்ந்த அப்பிள்ளைகள் மனப்பாடச் செய்யுளை நம்மினும் திருத்தமாக ஒப்பித்தனர். இசுலாமியக் குடும்பத்துப் பிள்ளைகள் நாங்கள் காலையில் மதரசாவில் அரபு எழுத்தை ஓதிவிட்டு, அதே வாயால் பத்து மணிக்குக் கம்பனை ஓதினோம். எங்கள் தமிழாசிரியர் எவரையும் வேற்று மொழியார் என்றோ வேற்று மதத்தார் என்றோ பிரித்ததில்லை. சீறாப்புராணப் பகுதியை நடத்திய நாளில், பாத்திரப் பெயர்களைச் சரியாக ஒலிக்கத் தெரிந்துகொள்ள வேண்டுமென்று அவர் மாணவனாகிய நம்மிடம் கேட்டுத் தெரிந்துகொண்டார். ஆசிரியர் தொழிலுக்கு நாம் வர விரும்பியது அன்றைக்கு என்றே கருதுகிறோம்.

பிறந்த நாள் பற்றிய செய்தி இளைய தலைமுறைக்கு வியப்பளிக்கக்கூடும். 'அந்தப் பெருமழைக்கு முந்தின ஆடி' என்று தாய் சொல்வார். ஆசிரியர் சூன் மாதத்தில் ஐந்து வயது நிறைவதாகக் கணக்கிட்டு மே மாதத்து நாள் ஒன்றை எழுதிக்கொள்வார். ஊரில் பாதிப் பேர் மே மாதத்தில் பிறந்ததாகப் பதிவானது அவ்வாறே. ஓய்வு பெறும் நாளையும் முதியோர் உதவித்தொகை பெறும் நாளையும் பின்னாளில் முடிவு செய்தது அவ்வாசிரியரின் பேனாவே. பள்ளியின் ஏடு ஒரு மனிதனின் வாழ்வில் எவ்வளவு தொலைவு நீள்கிறது என்பதற்கு இதுவே சான்று.

பத்தாம் வகுப்பு முடிவு நாளன்று மாலை நாளிதழுக்காகப் பேருந்து நிலையத்தில் காத்திருந்த கூட்டமும், எண் இல்லாத பிள்ளை எவரையும் பாராமல் காட்டு வழியே தனியே நடந்து சென்றதும் இன்றும் கண்ணில் நிற்கின்றன. எண் இருந்தவர்களைப் பற்றிப் பள்ளி பெருமை பேசியது. தனியே நடந்து சென்றவர் பின்னர் எங்குச் சென்றார் என்று எவரும் கேட்டிலர்.

தொடராத பிள்ளைகள்

அவர்களுள் பலர் எங்குச் சென்றனர் என்பது கரிசல் மக்கள் அறிந்ததே. இப்பகுதியில் தீப்பெட்டித் தொழிலகத்தைத் 'தீப்பெட்டி ஆபீஸ்' என்பர். விடியுமுன் வண்டி வந்து ஒலியெழுப்பும். அரைத் தூக்கத்தில் தூக்குச்சட்டியோடு பிள்ளைகள் ஏறுவர். சட்டத்தில் குச்சி அடுக்கவும் பெட்டி ஒட்டவும் சிறு விரல்களே ஏற்றவை என்று அன்று வாதிட்டோரும் இருந்தனர். 1986இல் குழந்தைத் தொழிலாளர் தடுப்பு மற்றும் முறைப்படுத்தல் சட்டம் வந்தது. 1996 டிசம்பர் 10 அன்று உச்ச நீதிமன்றம், சிவகாசிப் பிள்ளைகள் தொடர்பாக எம். சி. மேத்தா தொடுத்த வழக்கில், சட்டத்துக்கு மாறாகப் பணியமர்த்திய ஒவ்வொரு பிள்ளைக்கும் முதலாளி 20,000 ரூபாய் செலுத்த வேண்டுமென்று தீர்ப்பளித்தது. கோவில்பட்டிப் பகுதி எழுத்தாளர் பூமணி இயக்கிய 'கருவேலம்பூக்கள்' திரைப்படம் இவ்வாழ்வையே காட்டிற்று. கட்டாயக் கல்விச் சட்டம் 2010 ஏப்ரல் முதல் நடைமுறைக்கு வந்தது. சட்டமும் தீர்ப்பும் பள்ளியும் எந்திரமும் ஒருசேர நிகழ்த்திய மாற்றத்தால் அந்த விடியற்கால வண்டி இன்று பழங்கதையாகி வருகிறது. ஆயின் அதில் ஏறிச் சென்றோர் நம்மிடையே நாற்பதையும் ஐம்பதையும் கடந்தவராய் வாழ்கின்றனர். எந்தப் பள்ளி வரலாற்றிலும் அவர்களுக்கு ஒரு வரி இல்லை.

பெண்பிள்ளைகளின் கதை தனிக் கதை. 1989இல் தொடங்கிய மூவலூர் இராமாமிர்தம் அம்மையார் திருமண உதவித் திட்டம், எட்டாம் வகுப்பு வரை படித்த ஏழைப் பெண்ணுக்கு 5,000 ரூபாய் வழங்கியது. பின்னர்ப் பத்தாம் வகுப்பு என்னும் வரம்பு வந்தது. 2022இல் அத்திட்டம் கல்லூரி செல்லும் அரசுப் பள்ளி மாணவியர்க்கு மாதம் 1,000 ரூபாய் தரும் புதுமைப் பெண் திட்டமாக உருமாறியது. எட்டு, பத்து, கல்லூரி என்று வளர்ந்த இவ்வரம்புகள் ஒரு சமூகத்தின் மனம் முப்பதாண்டுகளில் கடந்து வந்த தொலைவைக் காட்டுகின்றன. நம் அக்கா எட்டில் நின்றார். அவர்தம் மகள் இன்று பட்டதாரி. நடுவே இருந்தவை ஓர் அரசுப் பேருந்தும் ஒரு விலையில்லா மிதிவண்டியுமே.

'படிக்காமலேயே கி. ராஜநாராயணன் பல்கலைக்கழகப் பேராசிரியர் ஆகவில்லையா?' என்று ஊர்ப் பெரியவர் சிலர் வினவுவதுண்டு. இடைசெவலில் பிறந்து, பள்ளிப் படிப்பைத் தொடராமல், புதுவைப் பல்கலைக்கழகத்தில் வருகைதரு பேராசிரியராகி, 1991இல் சாகித்திய அகாதெமி விருதும் பெற்றவர் அவர் என்பது உண்மையே. ஆனால் பள்ளியை இழந்தோருள் அவர் ஒருவர். ஏனையோர் எத்தனை ஆயிரவர்? கி.ரா.வின் வெற்றியைக் காட்டிப் பள்ளியின் தேவையை மறுப்பது, நீந்திக் கரையேறிய ஒருவரைக் காட்டிப் பாலம் வேண்டாம் என்பதை ஒக்கும்.

நம் சமுதாயத்தினுள்ளும் தடை இருந்ததை மறைக்க வேண்டுவதில்லை. தோப்பில் முகமது மீரான் எழுதி 1988இல் வெளிவந்த 'ஒரு கடலோர கிராமத்தின் கதை'யில், ஊருக்குள் ஆங்கிலப் பள்ளி வருவதை ஊர்ப் பெரிய முதலாளி எதிர்க்கிறார். அதைப் படித்தபோது நம்மவர் சிலர் வருந்தினர். நாமோ நம் அக்காவை நினைத்தோம். வாப்பா கொடியவர் அல்லர், அஞ்சியவர். அச்சத்தையும் வரலாறு எழுதியாக வேண்டும்.

இத்தாலி நாட்டு மலைச் சிற்றூரான பார்பியானாவில், பாதிரியார் லோரன்சோ மிலானி நடத்திய சிறு பள்ளியின் மாணவர் எண்மர் சேர்ந்து எழுதிய 'ஓர் ஆசிரியைக்குக் கடிதம்' 1967இல் வெளிவந்தது. அரசுப் பள்ளிகளில் தேறாமல் தள்ளப்பட்ட ஏழைப் பிள்ளைகள், தள்ளப்பட்டோரின் கணக்கைத் தாமே எடுத்து உலகின்முன் வைத்தனர். குடியானவர் பிள்ளைகள் கூடி அதனைச் செய்ய இயன்றதெனில், பட்டப் படிப்புப் பயிலும் நம் மாணவர்க்கு இயலாதா?

ஒரே பலகை

அரசுப் பள்ளியின் தலையாய பயன் யாது என்று நம்மைக் கேட்டால், ஒரே பலகை என்போம். ஊரில் தெரு வேறு, கிணறு வேறு, சுடுகாடு வேறு. பள்ளியில் பலகை ஒன்று. அப்பலகையில் நாயக்கர் வீட்டுப் பிள்ளையும் அருந்ததியர் வீட்டுப் பிள்ளையும் தேவர் வீட்டுப் பிள்ளையும் தேவேந்திரர் வீட்டுப் பிள்ளையும் நாடார் வீட்டுப் பிள்ளையும் இசுலாமியர் வீட்டுப் பிள்ளையும் தோளுரசி அமர்ந்தோம். தோளுரசியதாலேயே வேற்றுமை அழிந்தது என்று கூற மாட்டோம். தண்ணீர்ப் பானையருகில் யார் முதலில் குடிப்பது என்பதில் ஊர் நுழைந்தது. வகுப்பில் எவர் எவரோடு உண்பது என்பதிலும் நுழைந்தது. 1990களில் தென்மாவட்டங்களில் சாதிக் கலவரம் மூண்ட நாட்களில், நேற்று வரை ஒன்றாக வந்தவர்கள் இரு வேறு வழிகளில் பள்ளிக்கு வந்ததையும் கண்டோம்.

இன்று அது கையில் கட்டும் வண்ணக் கயிறாக வந்து நிற்கிறது. 2023 ஆகத்தில் நாங்குநேரியில் பள்ளி மாணவர் ஒருவரும் அவர் தங்கையும் உடன் பயின்றோராலேயே வெட்டப்பட்ட கொடுமைக்குப் பின், நீதியரசர் சந்துரு தலைமையில் ஒருநபர் குழு அமைக்கப்பட்டது. அக்குழு 2024 சூனில் அளித்த அறிக்கை, அத்தகைய கயிறுகளையும் அடையாளங்களையும் பள்ளிகளில் தடை செய்யப் பரிந்துரைத்தது. கயிற்றை அறுப்பது ஆணையால் இயலும். அக்கயிறு இல்லாமலும் பழகிய காலம் ஒன்று இதே பள்ளியில் இருந்தது என்று பிள்ளைகளுக்குச் சொல்வதற்கு வரலாறு வேண்டும். அப்பழக்கம் எங்கே எவ்வாறு முறிந்தது என்று காட்டுவதற்கும் வரலாறே வேண்டும்.

தடை கூறுவோர்க்கு

'கழிப்பறைக்குத் தண்ணீர் இல்லாத பள்ளிக்கு வரலாறு எதற்கு?' என்பர் சிலர். நியாயமான வினா. ஆனால் கழிப்பறை கேட்டு மனு எழுதும்போது கையில் என்ன இருக்க வேண்டும்? எந்தச் சிற்றூரிலிருந்து எத்தனைப் பெண்பிள்ளைகள் எந்த வகுப்போடு நின்றனர் என்னும் கணக்கு இருக்க வேண்டும். அக்கணக்கோடு செல்லும் மனுவை எளிதில் ஒதுக்க முடியாது. நமது ஊருக்கு உயர்நிலைப் பள்ளி வேண்டுமென அன்று எவரேனும் அத்தகைய கணக்கோடு சென்றிருந்தால், அக்காவின் நான்கு மைல் குறைந்திருக்கவும் கூடும்.

'அரசுப் பள்ளியில் இப்போது யார் படிக்கிறார்கள்?' என்பது அடுத்த வினா. இவ்வினாவின்முன் நாம் தலைகுனிந்தே நிற்கிறோம். அவ்வேப்ப மரத்தடியில் படித்து ஆளான நாமே நம் மகனை நகரத்து ஆங்கிலவழித் தனியார் பள்ளியில்தான் சேர்த்தோம். காரணங்கள் பல சொல்லலாம், சொல்லியும் இருக்கிறோம். நம்மைப் போன்ற ஆசிரியர்களும் அலுவலர்களும் வணிகர்களும் பிள்ளைகளை எடுத்துக்கொண்டு வெளியேறியபோது, பள்ளிக்காகத் தலைமையாசிரியரிடம் சென்று பேசும் குரலும் உடன் வெளியேறிவிட்டது. எஞ்சியோர் பேசத் தயங்கும் ஏழைகள். அரசுப் பள்ளியின் மாணவர் எண்ணிக்கை குறைவதைப் பற்றி நாம் மேடையில் வருந்துவதற்கு முன், அக்குறைவில் நம் வீட்டுப் பிள்ளையும் ஓர் எண் என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். வரலாறு எழுதுவது இக்கடனை முழுதும் தீர்க்காது. கடன்பட்டிருக்கிறோம் என்பதையேனும் பதிவு செய்யும்.

'பதிவேடுகள் மறைவானவை அல்லவா?' என்னும் மூன்றாவது தடை மதிக்கத் தக்கது. தனியாள் பெயர்களை வெளியிட வேண்டுவதில்லை. தலைமையாசிரியரின் இசைவோடு, பெயர் நீக்கிய எண்ணிக்கைகளை மட்டும் எடுத்தாலே போதும். பெயரோடு பேச விழைவோர், தாமே முன்வந்து பேசட்டும்.

செய்ய வேண்டுவன

நம் துறையின்முன் நான்கு வேண்டுகோள்களை வைக்கிறோம்.

முதலாவது, இளங்கலைத் தமிழ் இறுதியாண்டு மாணவர் ஒவ்வொருவரும் தாம் படித்த ஊர்ப் பள்ளியின் வரலாற்றை நாற்பது பக்க அளவில் ஆய்வேடாக எழுத வேண்டும். சங்க இலக்கியத்தில் உவமை என்னும் தலைப்பில் ஒருவர் எழுதியதையே அடுத்தவர் எழுதும் நிலை இதனால் ஓரளவு மாறும். நாமும் நம் ஆய்வியல் நிறைஞர் பட்டத்திற்கு அத்தகையதொரு தலைப்பிலேயே எழுதினோம் என்பதை மறைக்கவில்லை.

இரண்டாவது, ஏட்டோடு நிற்காமல் மக்களிடம் செல்ல வேண்டும். ஓய்வுபெற்ற ஆசிரியர், சத்துணவு சமைத்த அம்மா, மணியடித்த கடைநிலை ஊழியர், நிலம் கொடுத்தவரின் பேரன், பாதியில் நின்ற மாணவி ஆகியோரிடம் வட்டார வழக்கு மாறாமல் கேட்டு எழுத வேண்டும். இறுதியிற் கூறிய அம்மாணவியிடம் முதலில் செல்வது நன்று. அவரைப் போன்றோர் முதுமையடைந்து வருகின்றனர்.

மூன்றாவது, எழுதிய ஏட்டின் படி ஒன்று கல்லூரி நூலகத்திலும், மற்றொன்று அந்தப் பள்ளியிலேயும் இருக்க வேண்டும். ஆறாம் வகுப்புப் பிள்ளை தன் பாட்டியின் பேச்சை அச்சில் காணும் நாள், அப்பள்ளிக்கு ஆண்டு விழாவினும் பெரிய விழா நாளாகும்.

நான்காவது, சமுதாயப் பெரியோர் தம் வீட்டு மரப்பெட்டிகளில் உள்ள பழைய குழுப் புகைப்படங்களையும் நற்சான்றுகளையும் மாணவர்க்குக் காட்டி உதவ வேண்டும். கட்டட நிதி கேட்டு உங்கள் வாயிலுக்கு எத்தனையோ முறை வந்தோம். இம்முறை கேட்பது நினைவை மட்டுமே.

நிறைவாக ஒன்று. சான்றிதழோடு வீடு திரும்பிய அன்று அக்கா கேட்டார்: "தம்பி, எம் பேரு இன்னும் அந்த நோட்டுல இருக்கா?" இருக்கிறது என்றோம். முகம் மலர்ந்தார். "நல்லாத் தெரியுற மாதிரி இருக்கா?" என்று மீண்டும் கேட்டார். நல்ல கையெழுத்து என்றோம். கடைசிக் கட்டத்தில் என்ன எழுதியிருந்தது என்பதை நாம் சொல்லவில்லை, அவரும் கேட்கவில்லை. அதனை இம்மலரில் எழுதிவிட்டோம். மாணவர்களே, உங்கள் ஊர்ப் பள்ளியின் ஏட்டிலும் இவ்வாறு எத்தனையோ பெயர்கள் காத்திருக்கின்றன. அடுத்த விடுமுறைக்கு ஊருக்குச் செல்லும்போது ஒரு குறிப்பேட்டை உடன் எடுத்துச் செல்லுங்கள்.